பருவும் எளிதில் எரியும் சருமமும் சேர்ந்திருந்தால் அன்றாடப் பராமரிப்பு எப்படி?

களிம்பு தடவினால் முகம் எரிகிறது, தடவாவிட்டால் பரு பெருகுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பருவை அடக்குவதற்கு முன் சருமத்தின் மேலடுக்கைக் காப்பாற்ற வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

ஆரோக்கியமான சருமத்தின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை கொண்டது. அதன் பிஎச் அளவு (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; 7-க்குக் கீழ் அமிலம், மேல் காரம்) ஏறத்தாழ 5. வழக்கமான சோப்பின் அளவோ 9 முதல் 10 வரை இருப்பதால், அதைக் கொண்டு ஒரு நாளில் பலமுறை முகம் கழுவும்போது, ஈரத்தைத் தக்கவைக்கும் கொழுப்புப் படலம் சிதைந்து, மருந்து பட்டவுடனேயே எரிச்சல் தொடங்கிவிடுகிறது. ஆகவே காலையும் இரவும் மட்டும், மணமூட்டப்படாத மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். ஸ்க்ரப் வேண்டவே வேண்டாம்.

மருந்துகளில் ஒன்றை மட்டும் முதலில் தொடங்குங்கள். பருவை உண்டாக்கும் கிருமிகளைக் கொல்லும் பென்சாயில் பெராக்சைடு என்றால் 2.5 சதவீதமே போதுமானது. 10 சதவீதம் கூடுதல் எரிச்சலைத் தருமே தவிர, அதற்கேற்ற கூடுதல் பலனைத் தருவதில்லை (துணியின் நிறத்தை இது வெளுக்கச் செய்யும் என்பதால் வெள்ளைத் தலையணை உறையே நல்லது). சருமத் துளைகள் அடைபடாமல் தடுக்கும் அடாபலீன் 0.1 சதவீத ஜெல் என்றால், மாய்ஸ்சரைசர் தடவி அது உலர்ந்த பின், பட்டாணி அளவு எடுத்து முகம் முழுவதும் மெல்லியதாக, முதல் சில வாரங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் இரவில் பூசலாம். கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும். பலன் தெளிவாகத் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகும் என்பதால், இரண்டே வாரத்தில் தயவுசெய்து கைவிட்டுவிடாதீர்கள்.

பகலில் எஸ்பிஎஃப் (வெயிலிலிருந்து காக்கும் திறனின் அளவு) 30 கொண்ட, துளைகளை அடைக்காத சன்ஸ்கிரீன் அவசியம். வலியுடன் கூடிய ஆழமான கட்டிகளோ தழும்புகளோ தோன்றினால், காத்திருக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.