கைக்குழந்தையும் நீண்ட பகலும்: கேள்வி பதில்

ஒரு வயது நிறையாத குழந்தையோடு பகற்பொழுதை வீட்டில் கழிப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு, மனையியல் கல்லூரியில் குழந்தை வளர்ச்சிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற பேராசிரியை ஒருவர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: எனக்கு மூன்று மாதக் குழந்தை இருக்கிறது. கணவர் வேலைக்குப் போனால் இரவுதான் வருவார். அதுவரை குழந்தைக்கு என்ன விளையாட்டுக் காட்டுவதென்று தெரியவில்லை. சும்மா படுக்க வைத்திருந்தால் மனம் உறுத்துகிறது. (பல்லாவரத்திலிருந்து ஒரு தாய்)

பதில்: உறுத்தலே வேண்டாம். இந்த வயதுக் குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் உறங்கும். பால் கொடுப்பது, குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் போனால் விளையாட்டுக்கு எஞ்சுவது சிறு சிறு துண்டுகளாகக் கிடைக்கும் நேரம்தான். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளவையே ஓரளவு தெளிவாகத் தெரியும். மடியில் கிடந்து பால் குடிக்கும்போது தாயின் முகம் இருக்கும் தொலைவும் அதுவே. இப்போது பார்வை சற்று விரிந்திருக்கும் என்றாலும், உங்கள் முகத்தை வெல்லும் பொம்மை இன்னும் எந்தக் கடைக்கும் வரவில்லை. குழந்தை 'ங்கா' என்றால் நீங்களும் 'ங்கா' என்று சொல்லிவிட்டுச் சிறிது நேரம் காத்திருங்கள். அது மறுபடி பதில் சொல்லும். பெரும்பாலோர் அந்தக் காத்திருப்பைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

அதோடு, விழித்திருக்கும்போது அருகிலேயே இருந்துகொண்டு குப்புறப் போட்டுப் பழக்குங்கள். தவழத் தொடங்காத குழந்தைக்கு இது பல தவணைகளாகப் பிரித்து நாளுக்கு 30 நிமிடமாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் பரிந்துரைத்தது. தொடக்கத்தில் இரண்டு நிமிடத்திலேயே சிணுங்கும். நீங்களும் பாயில் எதிரே குப்புறப் படுத்து முகம் காட்டினால் இன்னும் இரண்டு நிமிடம் தாங்கும். உறங்கும்போது மட்டும் எப்போதும் மல்லாத்தியே படுக்க வையுங்கள்.

கேள்வி: ஏழு மாதப் பையனுக்கு ஒரு கூடை நிறையப் பொம்மைகள் இருக்கின்றன. எதையும் ஐந்து நிமிடத்துக்கு மேல் தொடுவதில்லை. புதிதாக என்ன வாங்கலாம்? (மதுரை)

பதில்: எதுவும் வாங்காதீர்கள். அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 18 முதல் 30 மாத வயதுக் குழந்தைகளுக்கு ஒரு முறை 4 பொம்மைகளும் மற்றொரு முறை 16 பொம்மைகளும் கொடுத்துப் பார்த்தார்கள். நான்கு மட்டும் இருந்தபோதுதான் குழந்தைகள் ஒவ்வொன்றோடும் கூடுதல் நேரம் விளையாடின. உங்கள் மகன் அவர்களைவிடச் சிறியவன். அவனுக்கு மூன்று போதும். மற்றவற்றைப் பரணில் ஏற்றிவிட்டு வாரத்துக்கு ஒரு முறை மாற்றி எடுங்கள், பழையதெல்லாம் புதிதாகிவிடும்.

பிறகு சமையலறைக்கு வாருங்கள். எவர்சில்வர் தம்ளர், மரக்கரண்டி, இட்லித் தட்டு, காலியான பிளாஸ்டிக் டப்பா ஆகியவற்றைத் தரையில் பரப்பி, நீங்கள் காய் நறுக்கும் இடத்திலிருந்து கண்ணுக்கு எட்டும் தொலைவில், அடுப்பிலிருந்து விலக்கி அவனை உட்கார வையுங்கள். தம்ளர் சில்லென்றிருக்கும், தட்டினால் ஒலிக்கும், உருட்டினால் வளைந்து ஓடும். மின்கலத்தில் பாடும் பொம்மைக்கு ஒரே ஒரு பாட்டுத்தான் தெரியும். எல்லாம் வாய்க்குத்தான் போகும், போகட்டும், அந்த வயதில் வாயும் ஒரு கைதான். ஆனால் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டருக்குக் குறைவான எதுவும், சொப்புச் சாமான் உட்பட, எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. பொத்தான் வடிவ பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம் என்பதால், ரிமோட்டை விளையாடக் கொடுக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்.

கேள்வி: கைப்பேசியில் பாட்டு வைத்தால் அழாமல் இருக்கிறாள். அரை மணி நேரம் காட்டினால் என்ன? வயது பத்து மாதம். (ஈரோடு)

பதில்: இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் நிலைப்பாடு, வெளியூரில் இருக்கும் தாத்தாவோடு காணொளியில் பேசுவது இதில் சேராது. பாட்டை நீங்களே பாடுங்கள். சுருதி தப்பினாலும் அவள் குறை சொல்லப் போவதில்லை.

கேள்வி: நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். ஒன்பது மாத மகனை வாக்கரில் உட்கார வைத்தால் ஒரு மணி நேரம் வேலை ஓடும். அது தவறா அம்மா? (கோவை, ஒரு தந்தை)

பதில்: தவறுதான் தம்பி. சக்கரம் வைத்த அந்த இருக்கை குழந்தையை நொடியில் படிக்கட்டுக்கோ சூடான பாத்திரத்துக்கோ கொண்டுபோய்விடும், நடையையும் விரைவுபடுத்தாது. கனடா 2004இலேயே அதன் விற்பனையைத் தடை செய்தது. பிடித்து நின்று தள்ளிக்கொண்டு போகும் நம் மர நடைவண்டி வேறு வகை. அது குழந்தை தானாக எழுந்து நின்ற பிறகு, நீங்கள் கூடவே நடக்கும்போது மட்டும் உதவும். வேலை நடக்க வேண்டுமானால் அவன் உறங்கும் நேரத்தை நம்புங்கள். விழித்திருக்கும்போது முக்கியமான கூட்டம் வந்தால் இன்னொருவர் கை வேண்டும். இதற்குக் குறுக்குவழி எதுவும் இல்லை.

கேள்வி: எங்கள் காலத்தில் சப்பாணி கொட்டுவோம், உள்ளங்கையில் பருப்புக் கடைவோம், முந்தானையால் முகத்தை மூடித் திறப்போம். மருமகள் வண்ண வண்ண அட்டைகள் வாங்கி வைத்திருக்கிறாள். எது நல்லது? (கும்பகோணம், ஒரு பாட்டி)

பதில்: அட்டைகளால் கெடுதல் இல்லை, ஆனால் உங்கள் பக்கம்தான் என் வாக்கு. பிள்ளைத்தமிழ் மரபில் செங்கீரைப் பருவத்தை ஐந்தாம் மாதத்துக்கும் சப்பாணியை ஒன்பதாம் மாதத்துக்கும் உரியதாகச் சொல்வார்கள். கையூன்றித் தலைநிமிர்த்தி அசைந்தாடுவதும், பிறகு இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவதும் பல குழந்தைகளிடம் ஏறத்தாழ அந்த வரிசையில்தான் வருகின்றன. கைகொட்ட ஓராண்டு ஆகும் குழந்தைகளும் உண்டு, அதற்காகப் பதற வேண்டாம். பருப்புக் கடைந்து, கூட்டி, விரல் விரலாக ஊட்டி, கடைசியில் நண்டு ஊர்ந்து அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும் வரை குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறதே, அடுத்து வரப்போவதை எதிர்பார்க்கும் அந்த அறிவை அட்டை தராது.

முந்தானை விளையாட்டுக்கும் பொருள் உண்டு. கண்ணுக்கு மறைந்த பொருள் இல்லாமல் போய்விடவில்லை என்ற புரிதல் எட்டு மாத அளவில் உருவாகிறது என்று சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே எழுதினார். முகம் மறைந்து மீண்டும் வரும்போதெல்லாம் குழந்தை அதைத்தான் சோதித்துப் பார்க்கிறது.

கேள்வி: நன்றாகச் சிரித்து விளையாடிக்கொண்டிருந்தவள் திடீரென்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நான் இன்னும் வேகமாகக் கிலுகிலுப்பையை ஆட்டினால் அழுகிறாள். (நாகர்கோவில், ஐந்து மாதக் குழந்தையின் தாய்)

பதில்: முகத்தைத் திருப்புவது, முதுகை வளைப்பது, கண்ணைக் கசக்குவது எல்லாம் 'போதும்' என்று அவள் சொல்லும் விதம். கிலுகிலுப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பேசாமல் தோளில் சாய்த்துக்கொண்டு சன்னல் அருகே நில்லுங்கள். மறுபடி உங்களைத் திரும்பிப் பார்க்கிறாள் என்றால் ஆட்டம் தொடரலாம். கொட்டாவி விட்டால் தூங்க வைத்துவிடுங்கள்.