வாசகர் கேள்வி: கூட்டில் நாரையும் குஞ்சுகளும்

கேள்வி: சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டி கண்மாயில், குஞ்சுகளோடு நிற்கும் தாய் நாரையை ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுப்பது எப்படி? (வாசகர், காரைக்குடி)

பதில்: தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காமல் பறவைகளைக் காக்கும் ஊர் அது, ஆகவே கரையைத் தாண்டாமல், காலை ஒன்பது மணிக்குள், சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்று, 400 மி.மீ. லென்ஸில், 1/1000 நொடி ஷட்டர் வேகத்தில் எடுங்கள். நத்தைகுத்தி நாரையில் ஆணும் பெண்ணும் மாறி மாறிக் குஞ்சு காப்பதால், நிற்பது தாய்தான் என்று சொல்லிவிட முடியாது. வெயில் ஏறியதும் அது சிறகை அகல விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடிக்கும் காட்சியே எனக்கு மிகவும் பிடித்தது. நெருங்கிப் போய் அதைக் கலைத்துவிட்டால் குஞ்சுகள் வெயிலில் வாடும், காகமும் கொத்தும். தயவுசெய்து அருகே போகாதீர்கள். வெள்ளை இறகு வெளுத்துப்போகாதிருக்க எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்.