எட்டு வரிக் கோப்பிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: பட்டர்வொர்த்தில் இருக்கிறேன், கணினித் துறையில் டிப்ளோமா படிக்கிறேன். லேடிபேர்ட் உலாவியை உருவாக்கும் வேலையில் பங்கெடுக்க ஆசை. நிரலைத் திறந்து பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. சி++ ஓரளவுதான் தெரியும், கையில் 8 ஜிபி ரேம் உள்ள பழைய மடிக்கணினி. தமிழுக்குப் பயன்படும்படி ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். நிரலை இப்போதைக்கு மூடி வையுங்கள். முதலில் எட்டு வரியில் ஒரு எச்டிஎம்எல் கோப்பு, அதாவது ஒரு குட்டி இணையப் பக்கம், எழுதுங்கள்.

இந்த உலாவியே சின்னச் சின்ன வேலைகள் சேர்ந்து உருவானதுதான். சுவீடனைச் சேர்ந்த ஆண்ட்ரியாஸ் கிளிங் 2018-இல் செரினிட்டிஓஎஸ் என்ற இயங்குதளத்தை எழுதத் தொடங்கினார். அதற்குள் இருந்த எச்டிஎம்எல் காட்டிதான் வளர்ந்து உலாவியானது. 2024 ஜூனில் அது தனித் திட்டமாகப் பிரிந்தது. செரினிட்டியில் எல்லாவற்றையும் தாங்களே எழுதுவது வழக்கம். பிரிந்த பிறகு, எழுத்துகளைக் கோத்துக் காட்ட ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்தை, அதாவது வெளியிலிருந்து வரும் தயார் நிரல் தொகுப்பை, சேர்த்துக்கொண்டார்கள். குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டிலும் இருப்பது அதே நூலகம்தான். தமிழுக்கு இது பெரிய நன்மை.

ஆனால் அதோடு வேலை முடிந்துவிடாது. இணையப் பக்கத்தில் உள்ள வரியை எங்கே வெட்டி ஹார்ஃப்பஸிடம் கொடுப்பது என்பது உலாவியின் பொறுப்பு. எந்த உலாவியானாலும் தமிழ் இடறக்கூடிய இடம் அது.

அந்த எட்டு வரிக் கோப்பில் 'கோலாலம்பூர்' என்றே எழுதிப் பாருங்கள். முதலெழுத்தில் இரட்டைக்கொம்பு, க, கால் என்று மூன்று துண்டுகள் தெரியும். கணினியின் சேமிப்பில் க-தான் முதலில், ஓகாரக் குறி அதன் பின்னால். அந்தக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரிய வேண்டும். அடுத்து, எழுத்து இடைவெளியைக் கூட்டுங்கள். க-வும் அதன் குறிகளும் சேர்ந்தே நகர வேண்டும். பெட்டியின் அகலத்தைக் குறுக்குங்கள். எழுத்துக்கு நடுவே வரி உடையக் கூடாது. கொம்புக்குப் பக்கத்தில் புள்ளி வட்டம் தோன்றினால், பெரும்பாலும் க-வையும் அதன் குறியையும் யாரோ நடுவில் பிரித்துவிட்டார்கள் என்று பொருள்.

பிழை கண்ணில் பட்டதும் புகார் எழுத ஓடாதீர்கள். அதே எழுத்துருவைக் குறிப்பிட்டு ஃபயர்பாக்ஸிலும் குரோமிலும் திறந்து பாருங்கள். மூன்றிலும் ஒரே கோளாறு என்றால் எழுத்துருவைத்தான் சந்தேகிக்க வேண்டும். லேடிபேர்டில் மட்டும் என்றால், கோப்பில் ஒவ்வொரு வரியாக நீக்குங்கள். எந்த வரி போனதும் பிழை மறைகிறதோ, அதை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் எடுத்துவிடுங்கள். 'தமிழ் சரியாகத் தெரியவில்லை' என்ற ஒற்றை வரிப் புகாரை வைத்துத் தமிழ் படிக்கத் தெரியாத ஒருவரால் எதுவும் செய்ய முடியாது. சுருக்கிய கோப்பும் 'இப்படித் தெரிகிறது, இப்படித் தெரிய வேண்டும்' என்ற இரண்டு படங்களும் இருந்தால் அவர் உடனே வேலையைத் தொடங்கலாம். எனக்கு இதுதான் உண்மையான பங்களிப்பு. நம் எழுத்து எப்படி நிற்க வேண்டும் என்று நமக்குத்தானே தெரியும்!

மடிக்கணினி விஷயம்: விண்டோஸ் என்றால், அதற்குள்ளேயே லினக்ஸை ஓட்ட உதவும் டபிள்யூஎஸ்எல்2-இல் லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். நிரலை இயங்கும் உலாவியாகத் தொகுக்கும்போது (கம்பைல்) ஒரே நேரத்தில் இரண்டு வேலைக்கு மேல் ஓட விடாதீர்கள், ரேம் தாங்காது. முதல் தடவை ரொம்ப நேரம் இழுக்கும். இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். அப்புறம் மாற்றிய கோப்புகளும் அவற்றைச் சார்ந்தவையும் மட்டுமே மறுபடி தொகுக்கப்படும்.

திருத்தத்தையும் நீங்களே எழுதத் துணிந்தால், பங்களிப்பு விதிகளை முதலில் படியுங்கள். ஒரு கமிட்டில், அதாவது ஒரு முறை பதிவுசெய்யும் திருத்தத்தில், ஒரு மாற்றம்தான் இருக்க வேண்டும். தலைப்பில் முதலில் பகுதியின் பெயர், உதாரணமாக இணையப் பக்கங்களைக் காட்டும் பகுதியான லிப்வெப், பிறகு என்ன செய்தீர்கள் என்று ஒரே வரி. அந்த எட்டு வரிக் கோப்பையும் சோதனையாகக் கூடவே சேர்த்து அனுப்புங்கள். நாளைக்கு வேறொருவர் கைவைக்கும்போது 'கோ' மறுபடி உடைந்தால் அந்தச் சோதனையே காட்டிக்கொடுக்கும்.