முதல் இதழ் வாங்குகிறீர்களா? பார்கோடின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள்

கேள்வி: ஒரு சூப்பர் ஹீரோ காமிக்ஸ் மினி சீரிஸின் (சில இதழ்களிலேயே முடிந்துவிடும் தொடர்) முதல் இதழ் இணையத்தில் இரண்டு பேரிடம் விற்பனைக்கு இருக்கிறது. அட்டைப்படம் ஒன்றேதான். ஆனால் ஒருவர் மற்றவரைவிட மூன்று மடங்கு விலை சொல்கிறார். இருவருமே ‘முதல் பிரிண்ட்’ என்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அட்டையில் உள்ள 1 என்ற எண், அது தொடரின் முதல் பாகம் என்று மட்டுமே சொல்லும். எத்தனையாவது முறை அச்சானது என்பதை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

இன்றைய அமெரிக்க காமிக்ஸ் என்றால் பார்கோடைப் பாருங்கள். பெரிய பார்கோடுக்குப் பக்கத்தில் ஐந்து இலக்கத்தோடு சின்னதாக இன்னொன்று இருக்கும். முதல் மூன்று இலக்கம் இதழ் எண். நான்காவது, எந்த அட்டை என்பது. ஐந்தாவது, எத்தனையாவது அச்சு என்பது. 00111 என்றால் முதல் இதழ், முதன்மை அட்டை, முதல் அச்சு. 00112 என்றால் இரண்டாம் அச்சு. 00121 என்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது வேரியண்ட் அட்டை, அதாவது அதே இதழுக்கு வேறு படம் போட்ட அட்டை, ஆனால் முதல் அச்சுதான். விற்பவரிடம் அந்த மூலையை மட்டும் நெருக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் வாங்காதீர்கள்.

பழைய இதழ்களில் இந்த வசதி கிடையாது. உள்ளே பொடி எழுத்தில் பதிப்பக முகவரி, தேதி, உரிமை விவரம் போட்டிருக்கும் பகுதியைப் படிக்க வேண்டும். மறு அச்சு என்றால் பெரும்பாலும் அங்கேதான் குறித்திருப்பார்கள். டிசி பதிப்பகம் 1986-ல் வெளியிட்ட நான்கு இதழ்த் தொடரான ‘த டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ இதற்கு நல்ல உதாரணம். அதன் முதல் இதழ் பலமுறை அச்சானது. அட்டையை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்தால் பின்னால் வந்த அச்சுக்கு முதல் அச்சின் விலையைக் கொடுத்துவிட வாய்ப்புண்டு. பழைய விளம்பரங்கள் உட்பட அப்படியே அச்சிடும் ஃபாக்சிமிலி பதிப்புகளும் இப்போது வருகின்றன. படிக்க அருமையானவை, ஆனால் மூலப் பிரதியின் விலைக்கு வாங்கக்கூடாதவை.

அச்சு சரியென்றால் அடுத்தது நிலை. முன் அட்டை, பின் அட்டை, முதுகு (இதழ் மடியும் ஓரம்), நடுப்பக்க ஸ்டேப்பிள் என நான்கு படங்கள் கேளுங்கள். முதுகைச் சாய்வான வெளிச்சத்தில் எடுக்கச் சொல்லுங்கள். ஸ்டேப்பிளுக்குப் பக்கத்தில் நகக்கீறல் போலச் சின்னச் சின்ன மடிப்புகள் தெரியும். அந்த இடத்தில் மை உடைந்து வெள்ளைக் காகிதம் எட்டிப் பார்த்தால் மதிப்பு நன்றாகவே குறையும். மை உடையாத வெறும் அழுத்தம் என்றால் பாதிப்பு குறைவு. நடுப்பக்கத் தாள் ஸ்டேப்பிளை விட்டுக் கழன்றிருந்தாலும் உறைக்குள் இருக்கும்போது தெரியவே தெரியாது. அதனால்தான் அந்த நான்காவது படம்.

கேள்வி: புதிதாக வரப்போகும் நான்கு இதழ் மினி சீரிஸில் முதல் இதழை மட்டும் ஐந்து பிரதி வாங்கி வைத்தால் பிறகு லாபம் கிடைக்குமா?

பதில்: அந்த எண்ணத்தில் வாங்காதீர்கள். பெரும்பாலான தொடர்களில் கடைக்காரர்கள் அதிகம் ஆர்டர் செய்வது முதல் இதழைத்தான். இரண்டு, மூன்று என்று போகப் போக ஆர்டர் இறங்கும். அதனால் பின்னாளில் கிடைக்காமல் அலையவிடுவது பல நேரம் கடைசி இதழ். வேரியண்ட் அட்டைகளும் முதல் இதழின் எண்ணிக்கையை ஏற்றிவிடுகின்றன. வேரியண்டுக்கு 1:25 என்று போட்டிருந்தால், சாதாரணப் பிரதி 25 ஆர்டர் செய்யும் கடைக்கு அந்த அட்டையில் ஒன்று கிடைக்கும். அந்த ஒன்றுக்காகக் கூடுதலாக எடுத்த சாதாரணப் பிரதிகள்தான் பிறகு தள்ளுபடிப் பெட்டிக்கு வருகின்றன.

மார்வெல் பதிப்பகம் 1982-ல் கொண்டுவந்த நான்கு இதழ் ‘வுல்வரின்’ தொடரின் முதல் இதழை இன்றும் தேடுகிறார்கள். அந்தப் பாத்திரத்தின் முதல் தனித்தொடர் அது. வெறும் எண் 1 அந்தத் தேவையை உண்டாக்காது.

கதைதான் வேண்டுமென்றால் தொகுப்புப் புத்தகத்துக்குக் காத்திருங்கள். தனி இதழ்கள்தான் வேண்டுமென்றால் முதல் இதழின் ஆர்டர் முடிவதற்கு முன்பே நான்கையும் சேர்த்துக் கடையில் முன்பதிவு செய்துவிடுங்கள். பழைய பிரதிக்கு விலை பேசும்போது, விற்பவர்கள் கேட்கும் விலையை விட்டுவிட்டு, ஏற்கெனவே விற்று முடிந்த பிரதிகளின் விலையைப் பாருங்கள்.

கேள்வி: வாங்கிய இதழை எந்த உறையில் வைப்பது?

பதில்: இன்றைய அளவு இதழுக்கு 6⅞ × 10½ அங்குல உறையும், இதழுக்குப் பின்னால் வைக்க அமிலமில்லாத 6¾ × 10½ அங்குல தாங்கு அட்டையும் போதும். தாங்கு அட்டையின் வழவழப்பான பக்கம் இதழைத் தொட வேண்டும். சதுர முதுகுள்ள தடித்த இதழை இதில் திணித்தால் மூலை நசுங்கும், ஒரு அளவு பெரியதாக வாங்குங்கள். அதிகம் கெடுப்பது டேப். உறையைத் திறந்து இதழை வெளியே இழுக்கும்போது மடல் ஓரத்து டேப் இதழின் அட்டையில் ஒட்டி மையை உரித்துக்கொண்டு வந்துவிடும். எடுப்பதற்கு முன் டேப்பை முழுவதுமாகப் பிய்த்து, உறையின் பின்பக்கத்தில் ஒட்டிவிட்டு எடுங்கள்.