பேச நின்றால் கதைச்சுருக்கம்தான் வருகிறதா?

கதையை விடுங்கள், குளத்தில் தொடங்குங்கள். பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ (1973) நாவலையும் லூயிஸின் வன்னிக் கையேட்டையும் (1895) வாசிகசாலையில் சேர்த்துப் பேச வேண்டும், ஆனால் கதைச்சுருக்கமாகவே போகிறது என்று கேட்டிருந்தீர்கள். நாவல் நடக்கும் வன்னிக் கிராமமான தண்ணிமுறிப்பின் குளத்தை வைத்தே இரண்டுக்குள்ளும் நுழையலாம்.

முழுப் புத்தகத்தையும் சொல்லிவிட வேண்டும் என்ற பதற்றம்தான் அனேகமாகக் காரணம்.

இப்படிச் செய்து பாருங்கள்: புத்தகங்களை மூடிவிட்டு, மனதில் நிற்கும் ஒரு காட்சியை மட்டும் அம்மாவிடம் சொல்லுங்கள். “பிறகு?” என்று கேட்டால் இன்னும் கதைதான். “எங்கட குளத்தடியிலயும் இப்படித்தான்” என்று அவர் தொடங்கினால், சரி, அங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று கவனம். லூயிஸ் ஆங்கிலேய அதிகாரி, வெளியிலிருந்து பார்த்தவர். பாலமனோகரன் நாவலில் வரும் காட்டுக்கு அவரைச் சாட்சியாக நிறுத்த வேண்டாம்.