டைவிங் முடித்து வந்தபின் தோள் வலி: எண்ணெய் தடவினால் போதுமா?

கேள்வி: அந்தமான் சுற்றுலாவில் என் கணவர் இரண்டு நாளில் நான்கு முறை ஸ்கூபா டைவிங் செய்தார். கடைசி டைவ் மாலை 3 மணிக்கு. மறுநாள் காலை 7 மணிக்கு விமானம். வீடு வந்த இரவிலிருந்து இடது தோளில் குடைச்சல், விரல்களில் மரமரப்பு, ஒரே அசதி. பெட்டி தூக்கியதால் வந்தது என்கிறார். மாமியாரோ, வர்ம ஆசானிடம் காட்டி எண்ணெய் தடவினால் போதும் என்கிறார். 'நம்மூரில் சிப்பி எடுக்க முங்குகிறவர்களுக்கு இப்படி எதுவும் வருவதில்லையே' என்றும் கேட்கிறார். என்ன செய்வது?
– வாசகி, குளச்சல்

பதில்: சகோதரி, உங்கள் மின்னஞ்சலைப் பார்த்ததும் போனில் பேசிவிட்டேன். இதழ் வரும்வரை காத்திருக்கிற விஷயம் இல்லை இது. அன்று சொன்னதை மற்ற வாசகர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பெட்டி தூக்கிய வலியாகவே இருக்கலாம். ஆனால் டைவிங் முடிந்து ஓரிரு நாளுக்குள் புதிதாக எந்தத் தொந்தரவு வந்தாலும், வேறு காரணம் உறுதியாகும்வரை அதை அழுத்தக் குறைவு நோயாகவே (டைவிங் செய்தவர்களுக்கு உடம்புக்குள் நைட்ரஜன் குமிழிகள் உண்டாவதால் வருவது) சந்தேகிக்க வேண்டும். தோள் வலியோடு மரமரப்பும் சேர்ந்திருப்பதுதான் எனக்குக் கவலை.

கடலில் 10 மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இரண்டு மடங்காகிறது. அந்த அழுத்தத்தில் சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கச் சுவாசிக்க, நைட்ரஜன் ரத்தத்திலும் கொழுப்பிலும் நரம்பிலும் கரைந்து சேர்கிறது. மெதுவாக மேலே வந்தால் மூச்சு வழியே போய்விடும். வேகமாக வந்தாலோ, அடுத்தடுத்த டைவ்களில் நிறையச் சேர்ந்திருந்தாலோ, உடம்புக்குள்ளேயே குமிழியாகிவிடும். விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் சுமார் 2,000 மீட்டர் உயர மலையில் இருப்பதுபோலத்தான். அதனால் மிச்சமிருந்த நைட்ரஜனும் குமிழியாகலாம். பல டைவ் செய்தவர்கள் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும். உங்கள் கணவருக்குக் கிடைத்தது 16.

உங்கள் மாமியார் கேட்டது நல்ல கேள்வி. சிப்பி எடுப்பவர்கள் மேலே இழுத்த ஒரே மூச்சோடு முங்குகிறார்கள். அடியில் புதுக் காற்று எதுவும் உள்ளே போவதில்லை. அதனால் அவர்களுக்கு நைட்ரஜன் அவ்வளவாகச் சேராது. சிலிண்டர் காற்றில் முக்கால் மணி நேரம் இருப்பது வேறு விஷயம். (ஓய்வே இல்லாமல் நாள் முழுக்க ஆழமாக முங்கினால் அவர்களுக்கும் ஆபத்து உண்டு.)

இந்த வலி எப்படி இருக்கும்? மூட்டுக்குள் ஆழத்தில் குடையும். 'எங்கே வலிக்கிறது, விரல் வைத்துக் காட்டுங்கள்' என்றால் பெரும்பாலும் காட்டத் தெரியாது. அமுக்கினாலும் வலி அதிகமாகாது. சிலருக்குத் தோல் அரிக்கும், தோலில் ஊதா நிறத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். பெரும்பாலும் 6 மணி நேரத்துக்குள்ளும், கிட்டத்தட்ட எல்லோருக்கும் 24 மணி நேரத்துக்குள்ளும் தொடங்கிவிடும். விமானப் பயணம் செய்தவர்களுக்குத் தாமதமாகவும் வரலாம். கால் பலவீனம், தலைசுற்றல், மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், சிறுநீர் வராமல் அடைப்பது, இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108.

கணவரைச் சட்டைப் பொத்தான் போடச் சொல்லிப் பாருங்கள். இரண்டு கையிலும் பஞ்சால் தடவி, ஒரே மாதிரி தெரிகிறதா என்று கேளுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜோ, பக்கத்தில் இருக்கும் பெரிய மருத்துவமனையோ, உள்ளே போனதும் முதல் வாக்கியத்திலேயே 'டைவிங் செய்தார்' என்று சொல்லுங்கள். எத்தனை டைவ், எவ்வளவு ஆழம், எத்தனை மணிக்கு முடிந்தது, எப்போது விமானம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இதைச் சொல்லாவிட்டால் தோள்வலி மாத்திரையோடு அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. இடது தோள் என்பதால் இசிஜியும் எடுத்தே ஆக வேண்டும். மாரடைப்பையும் நாம் மறந்துவிடக் கூடாது.

மாஸ்க் வைத்து முழு ஆக்ஸிஜன் கொடுக்கும்படி கேளுங்கள். 'பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் 98 இருக்கிறதே, எதற்கு?' என்று யாராவது கேட்கலாம். இங்கே ஆக்ஸிஜன் கொடுப்பது அந்த எண்ணை ஏற்றுவதற்கு இல்லை, நைட்ரஜனை வெளியேற்றுவதற்கு. அதில் வலி குறைந்தால் குணமாகிவிட்டது என்று கிளம்பிவிடாதீர்கள், திரும்ப வரலாம். முழுச் சிகிச்சை, அழுத்த அறையில் 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் ஆக்ஸிஜன் கொடுப்பதுதான். வழக்கமாக ஒரு முறைக்கு ஏறக்குறைய 5 மணி நேரம். எந்த ஊரில் உள்ள அறை டைவிங் நோயாளியை எடுத்துக்கொள்ளும் என்பதை மருத்துவர் முன்கூட்டியே போனில் கேட்டு உறுதி செய்ய வேண்டும். டைவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் அவசர எண்ணில் மருத்துவர்களுக்கும் ஆலோசனை தருகிறார்கள். கொச்சிக்கு அனுப்பினால் கடலோரச் சாலையில் போங்கள். மலைப்பாதையும் விமானமும் வேண்டாம்.

ஆசானிடம் பிறகு போகலாம், முதலில் இது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு 'நாளைக்குப் பார்ப்போம்' என்று இருப்பதும் வேண்டாம். நாலைந்து நாள் ஆகிவிட்டது, இனி என்ன பயன் என்று நினைக்கவும் வேண்டாம். தாமதமாகப் போனவர்களுக்கும் பலன் கிடைத்திருக்கிறது. அப்புறம், அடுத்த வாரம் பொன்முடி மலைக்குப் போவதாகச் சொன்னீர்களே, அதை மருத்துவரிடம் கேட்காமல் போகாதீர்கள்.