கேமரா, செல்போன், சான்றிதழ்: மின்னணு ஆதாரம் பற்றிய கேள்வி பதில்

தடய அறிவியல் ஆய்வகத்தின் கணினிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வழக்குகளில் செல்போன், கேமரா பதிவுகள் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இதோ.

தூத்துக்குடி கடைக்காரர்: கடை வாசலில் நடந்த வெட்டுச் சம்பவம் என் கேமராவில் பதிவாகியிருக்கிறது. பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் போதுமா?

முதலில் பதிவைக் காப்பாற்றுங்கள் அண்ணாச்சி. கேமரா பதிவுகள் சேமிக்கப்படும் டிவிஆர் பெட்டியில் இடம் நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். பல கடைகளில் இரண்டு மூன்று வாரம் தாங்குவதே பெரிய விஷயம். திரையை செல்போனில் படம் பிடித்துக் கொடுக்காதீர்கள். டிவிஆரிலிருந்தே நேராகக் காப்பி எடுக்க வேண்டும். எடுக்கும்போது டிவிஆர் காட்டும் நேரத்தையும் சரியான நேரத்தையும் சேர்த்துக் குறித்து வையுங்கள். டிவிஆர் கடிகாரம் இருபது நிமிடம் தள்ளி ஓடினால், சம்பவ நேரத்தில் வேறு ஊரில் இருந்தவரைக்கூட அது இழுத்துவிடும். அப்புறம், அந்தக் கருவி உங்கள் பொறுப்பில் இருப்பதால், பதிவு எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று உறுதி சொல்லும், புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு சான்றிதழில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

சட்டக் கல்லூரி மாணவி: பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுக்கும் புதிய சட்டத்தின் 63-க்கும் என்ன வித்தியாசம், சார்?

அடிப்படை ஒன்றுதான்மா. மூலக் கருவியைக் கொண்டுவராமல் நகலைக் காட்டினால் அதற்குச் சான்றிதழ் வேண்டும். 2014-இல் அன்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகச் சொன்னது. கேரளத் தேர்தல் வழக்கு அது. சான்றிதழ் இல்லாத குறுந்தகடுகளை நீதிமன்றம் ஏற்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம், சான்றிதழ் படிவத்தையே சட்டத்தோடு இணைத்துவிட்டது. 'அ' பகுதியைப் பதிவைத் தருபவரும் 'ஆ' பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். இரண்டிலும் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பின் கைரேகை போன்ற ஒரு கணக்கு மதிப்பைக் குறிப்பிட வேண்டும். இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன்.

அவரே: ஹாஷ் அவ்வளவு முக்கியமா?

உயிர்நாடி. ஒரு கோப்பையோ முழு ஹார்டு டிஸ்கையோ எஸ்எச்ஏ-256 கணக்கில் போட்டால் 64 எழுத்தும் எண்ணுமாக ஒரு மதிப்பு வரும். உள்ளே ஒரே ஒரு பிட் மாறினாலும் அது முற்றிலும் வேறாகிவிடும். ஆய்வகத்தில் மூல டிஸ்கை நேரடியாகத் திறக்க மாட்டோம். எழுதவிடாமல் தடுக்கும் கருவி வழியாக இணைத்து, பிட்டுக்குப் பிட் நகல் எடுத்து, நகலில்தான் தேடுவோம். ஆனால் கைப்பற்றியபோதோ நகல் எடுத்தபோதோ ஹாஷ் குறிக்காமல், ஆறு மாதம் கழித்துக் குறித்தால் நடுவில் யாரும் கை வைக்கவில்லை என்று எதை வைத்துச் சொல்வது? குற்றம் சாட்டப்பட்டவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் அந்த மதிப்புதான் காவல்.

உதவி ஆய்வாளர் ஒருவர்: சம்பவ இடத்தில் செல்போன் கிடைத்தால் அணைத்துவிடலாமா?

அணைந்திருந்தால் அப்படியே விடுங்கள். இயங்கிக்கொண்டிருந்தால் அணைக்காதீர்கள். இன்றைய போன்களை அணைத்துவிட்டு மறுபடி போட்டால், பாஸ்வேர்டு தெரியாமல் உள்ளே இருப்பதை எடுப்பது மிகக் கடினம். வெளியிலிருந்து யாரும் அழித்துவிடாதபடி ஃபிளைட் மோடில் போட்டு, சிக்னல் புகாத ஃபாரடே பையில் வையுங்கள். எந்த நேரத்தில் எந்தப் பொத்தானைத் தொட்டீர்கள் என்பதை மகஜரில் எழுதுங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவுப்படி, சோதனையையும் கைப்பற்றுவதையும் வீடியோ எடுத்துத் தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். சுமை என்று நினைக்காதீர்கள், குறுக்கு விசாரணையில் உங்களுக்குக் கை கொடுப்பதே அந்த வீடியோதான்.

மதுரையிலிருந்து ஒரு பெண்: வாட்ஸ்அப்பில் ஆபாசமாக மிரட்டுகிறான். ஸ்கிரீன்ஷாட் வைத்திருக்கிறேன். மெசேஜ்களை அழித்துவிடலாமா?

வேண்டாம் தங்கச்சி. பார்க்கவே வேதனையாக இருக்கும், புரிகிறது. ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம் என்று எதிர்த்தரப்பு வாதிடும். மெசேஜ் போய்ச் சேர்ந்த பிறகு வாட்ஸ்அப் தன் சர்வரில் அதை வைத்திருப்பதில்லை. உங்கள் போனும் அவன் போனும்தான் ஆதாரம். போனை ரீசெட் செய்யாதீர்கள், மாற்றாதீர்கள். புகாரைத் தள்ளிப் போடவும் வேண்டாம். 2004-இல் ஒரு பெண்ணை இணையத்தில் இழிவுபடுத்தியவனுக்குச் சென்னை எழும்பூர் நீதிமன்றம் அதே ஆண்டிலேயே தண்டனை கொடுத்தது.

இன்னொருவர்: பதிவை வைத்திருப்பவர்கள் 63-ஆம் பிரிவு சான்றிதழ் தர மறுக்கிறார்கள். வழக்கு போச்சா?

இல்லை. அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில், 2020-இல், உச்ச நீதிமன்றம் வழி சொல்லியிருக்கிறது: கேட்டும் தராவிட்டால் நீதிமன்றத்தில் மனுப் போட்டு உத்தரவு வாங்கலாம். விசாரணை முடிவதற்குள் சான்றிதழைக் கொண்டுவர நீதிபதி அனுமதிக்கலாம்.

சிறையில் இருப்பவரின் அண்ணன்: என் தம்பி அங்கே இல்லை என்பதைக் காட்டும் கேமரா பதிவைப் போலீஸ் தாக்கல் செய்யவே இல்லை.

இதைத் தயவுசெய்து வழக்கறிஞரிடம் இன்றே பேசுங்கள். 2010-இல் வாரணாசி ஓட்டல் ஒன்றில் தங்கியிருந்த இத்தாலியர் ஒருவர் இறந்துபோக, உடன் வந்த இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஓட்டலில் கேமரா இருந்தும் அந்தப் பதிவு நீதிமன்றத்துக்கு வரவில்லை. இருக்கும் சிறந்த ஆதாரத்தைக் காட்டாமல் விட்டது அரசுத் தரப்புக்கு எதிராகவே போகும் என்று சொல்லி, 2015-இல் உச்ச நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. பதிவு போலீஸ் வசம் இருந்து, அதை அவர்கள் ஆதாரமாக நம்பினால், நகல் கேட்கும் உரிமையும் உங்கள் தம்பிக்கு உண்டு. கேரள நடிகை வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொன்னது. பாதிக்கப்பட்டவரின் அந்தரங்கம் சம்பந்தப்பட்டால் மட்டும், நகலுக்குப் பதில் பார்வையிட விடுவார்கள். பதிவு இன்னும் அந்தக் கட்டடத்திலேயே இருந்தால், அழிக்காமல் வைக்கும்படி உரிமையாளருக்கு இன்றே எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.